சிங்கப்பூரில் ஸ்கெட்ச் பழக: எங்கே போவது, எவ்வளவு ஆகும், எங்கே மாட்டிக்கொள்வோம்

முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்த வாரமே பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்குப் போய் இருபத்துநான்கு டியூப் வாட்டர்கலர், கெட்டித் தாள் கட்டு இரண்டு, விலை உயர்ந்த தூரிகை ஒன்று வாங்கினேன். ரசீதில் 186 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூன்று மாதம் கழித்து, செங்காங்கில் வாடகைக்கு இருந்த அறையில் அலமாரியைத் திறந்தால் தாள் கட்டின் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. பூஞ்சணம். அதுவரை அதில் வரைந்திருந்தது மூன்று பக்கம்.

ஊரில் சிறுவர் இதழ்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். நினைவிலிருந்தே வரைந்து வரைந்து கை ஓர் அச்சில் விழுந்துவிட்டது. ராஜாவுக்கும் அதே தோள்பட்டை, பால்காரருக்கும் அதே தோள்பட்டை. அதை உடைக்க வேண்டுமென்றால் ஆளைப் பார்த்து வரைய வேண்டும் என்று இங்கே தேட ஆரம்பித்தேன். தப்பான வரிசையில் தேடியதில் ஒன்றரை வருடமும் கணிசமான காசும் போயின. இப்போது எனக்குச் சரியென்று படும் வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். விலைகளெல்லாம் நான் கொடுத்தவை, இப்போது கொஞ்சம் ஏறியிருக்கும்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் வரைய வேண்டிய இடமும் கூட வரைய ஆட்களும் இலவசமாகக் கிடைக்கும். காசு கொடுத்தே ஆக வேண்டியது ஒரு மாடல் அசையாமல் நிற்கும் நேரத்துக்குத்தான். கடையில் கை நீளும்போதெல்லாம் 'இந்தக் காசுக்கு எத்தனை நிமிடம் மாடல் நிற்பார்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் 186 வெள்ளிக்கு மாடலைப் பார்த்து வரையும் அமர்வு ஆறுக்குப் போயிருக்கலாம்.

1. முதலில் உங்கள் அட்டையைப் பாருங்கள்

வரைவதற்கும் அடையாள அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் நினைத்தேன். மூன்று இடத்தில் சம்பந்தம் உண்டு. அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குக் கட்டணம். படிப்புக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 25 வயதான குடிமக்களுக்கு மட்டும், நிரந்தரவாசிக்குக்கூடக் கிடையாது. மூன்றாவது, படத்தை விற்பது. அதைக் கடைசியில் சொல்கிறேன், தவறாமல் படியுங்கள்.

புதிதாக வந்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே சின்னச் சின்ன ஓவிய அமர்வுகள் பெரும்பாலும் பேநவ் என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாகத்தான் காசு வாங்குகின்றன. உள்ளூர் வங்கிக் கணக்கும், அதோடு இணைத்த கைப்பேசி எண்ணும் இல்லாமல் இடம் பிடிக்க முடியாமல் தவித்த அனுபவம் எனக்கு உண்டு. கணக்குத் திறக்கும்வரை, ரொக்கம் வாங்குவார்களா என்று நடத்துபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

2. முப்பது வெள்ளிக்குள் பையைக் கட்டுங்கள்

ஏ5 அளவு நோட்டு 6 வெள்ளி. 2பி, 6பி பென்சில் இரண்டும் சேர்த்து 3 வெள்ளி. தண்ணீர் பட்டால் கரையாத கறுப்புப் பேனா 4.50. தண்ணீரைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும் வாட்டர்பிரஷ் 6. மடக்கு முக்காலி 8. ஆக 27 வெள்ளி 50 காசு. முதல் மூன்று மாதத்துக்கு இதற்கு மேல் ஒரு காசு வேண்டாம். துருவல் வெளியே சிந்தாத டப்பாவோடு கூடிய ஷார்ப்னர் ஒன்று அலுவலக மேசையில் கிடக்கும், எடுத்துப் பையில் போடுங்கள். இங்கே பென்சில் துருவலைத் தரையில் கொட்டினாலும் அது குப்பை போட்ட கணக்குத்தான்.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஓவியப் பொருளுக்கு ஆர்ட் ஃபிரெண்ட் அங்கேதான், நான்காவது மாடியில் பஷீர் கிராஃபிக் புக்ஸும் அங்கேதான். வரைகலைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு அரை நாள் நிற்கலாம், யாரும் விரட்டுவதில்லை. பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள், பட்டியலில் இல்லாததை வாங்காமல் திரும்புங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் வரி தப்பும் என்ற கணக்கும் இப்போது செல்லாது. 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த இறக்குமதிப் பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு.

பூஞ்சணத்துக்கு வருகிறேன். இங்கே காற்றின் ஈரம் தாளை வருடம் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். தாளை மொத்தமாக வாங்கிச் சேர்க்காதீர்கள். வாங்கியதை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், மாத்திரைப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். சுவரோடு ஒட்டிய மர அலமாரியின் அடித்தட்டு ஆகவே ஆகாது.

டர்பன்டைன் தேவைப்படும் எண்ணெய் ஓவியத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வாடகை அறையில் அந்த வாசனையை எந்த வீட்டுக்காரரும் பொறுக்க மாட்டார். அதோடு, தீப்பற்றும் திரவத்தோடு எம்ஆர்டி ரயிலில் ஏறினால் அபராதம் 5,000 வெள்ளி வரை போகும்.

3. நேரத்தைக் குறியுங்கள்

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வருடம் முழுக்கச் சூரியன் காலை ஏழையொட்டி உதித்து மாலை ஏழையொட்டி மறையும். நடுப்பகலில் வெயில் நேர் உச்சியிலிருந்து கொட்டும். கட்டடத்துக்கு நிழல் இருக்காது, படம் சப்பையாக வரும். எட்டிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து ஏழு. இந்த நான்கு மணி நேரம்தான் நமக்கு.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை அதிகம். அந்த மாதங்களில் கூரையுள்ள இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்: கடைவீடுகளின் ஐந்தடிப் பாதை, அடுக்குமாடி புளோக்கின் வெற்றுத்தளம், ஈரச்சந்தை. மற்ற மாதங்களில் சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து ஒரு சூறைக்காற்று மழையோடு வந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். கிளம்பும் முன் மைஎன்வி செயலியில் மழை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிடுங்கள். மழை நின்ற பிறகு வாட்டர்கலர் சீக்கிரம் காயாது. காய்ந்ததென்று நினைத்து நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு படம் இலவசமாகக் கிடைக்கும்.

4. முதல் மாதம் முழுக்கத் தேக்கா

ஆளைப் பார்த்து வரையப் பழக மாடல் அறை தேவையில்லை. லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் இறங்கி, தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ சாலைக்கு வந்தால் போதும். அங்கே பூக்கடையில் மாலை கட்டுகிறவர்களின் கையை மட்டும் ஒரு வாரம் வரைந்தேன். இடது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் பூக்களின் காம்பைப் பிடித்திருக்கும். வலது கை நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் விட்டு, ஒரு சுண்டு சுண்டி இழுக்கும். மூன்று அசைவு, இரண்டு விநாடிகூட ஆகாது. ஆனால் அதே மூன்று அசைவு ஒரு நாளில் ஆயிரம் முறை திரும்ப வரும். தவறவிட்டதை அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். அசையாத மாடலை விட இதில்தான் என் கை முதலில் இளகியது.

தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் துணிக்கடைகளும் தையற்காரர்களும். தையல் எந்திரத்தின் மேல் குனிந்த முதுகு அருமையான பாடம், பத்து நிமிடத்துக்கு மாறாது. நோட்டின் பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டுக்கொண்டு, ஒரு கட்டத்துக்கு 30 விநாடி என்று வேகமாக வரையுங்கள். முகம் வேண்டாம். தலை, முதுகுத்தண்டு, எந்தக் காலில் பாரம். அவ்வளவுதான்.

எங்கெங்கே சறுக்குவோம் என்றும் சொல்லிவிடுகிறேன். பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை உணவங்காடியில் மேசையைப் பிடித்துக்கொண்டு வரையாதீர்கள். தட்டோடு நிற்கிறவர்களுக்கு உங்கள் கலை ஆர்வம் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று மணிக்கு மேல் வாருங்கள், ஒரு தே (பால் தேநீர்) வாங்குங்கள், கிளம்பும்போது கோப்பையைத் தட்டு வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். ஐந்தடிப் பாதையில் முக்காலி போட்டால் சக்கர நாற்காலி போக வழி விடுங்கள். ஆயுதக் காவலர் படம் போட்ட சிவப்புப் பலகை தெரிந்தால் அது பாதுகாக்கப்பட்ட இடம். வாதாட வேண்டாம், வேறு பக்கம் பார்த்து உட்காருங்கள்.

ஆட்களை வரைந்தால் காட்டுங்கள். பூக்கட்டும் அக்கா ஒருவர் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, கை நல்லா இருக்கு, ஆனா நூல் எங்க?" என்றார். நான் நூலை வரையவே இல்லை. வேண்டாமென்று தலையாட்டுகிறவரை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஊழியர்களை வரையும்போது இது இன்னும் முக்கியம். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே நாள் அது, வேடிக்கைப் பொருளாக ஆக்காதீர்கள்.

அப்புறம், வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை முதல் மாதம் தொடாதீர்கள். நான் தொட்டேன். இரண்டு மணி நேரத்தில் கீழ் வரிசையில் ஏழு பொம்மை முடிந்தது. கெர்பாவ் சாலையில் பல நிறத்தில் நிற்கும் டான் டெங் நியா வீடு பரவாயில்லை, சன்னல்களை எண்ணி முடிக்கலாம்.

5. மாதக் கடைசிச் சனிக்கிழமையைக் காலியாக வையுங்கள்

அர்பன் ஸ்கெட்சர்ஸ் சிங்கப்பூர் என்ற குழு 2009லிருந்து இங்கே இயங்குகிறது. வழக்கமாக மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஓர் இடத்தில் கூடி வரைவார்கள். எந்த இடம், எத்தனை மணி என்பது அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் வரும். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, படத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை. நிழற்படத்தைப் பார்த்து வரையாமல், இடத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து வரைய வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

நான் எட்டு மாதம் தயங்கினேன். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்குமே என்ற பயம் பாதி, என் படம் மட்டம் என்ற பயம் மீதி. போன பிறகுதான் தெரிந்தது, யாரும் யாரோடும் அதிகம் பேசுவதே இல்லை. வந்ததும் ஒரு வணக்கம், ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். முடிவில் எல்லா நோட்டுகளையும் தரையில் வரிசையாக விரித்து வைத்துச் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே போகலாம். நான் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டிய அதே கடைவீட்டை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அங்கிள் ஒருவர் ஐந்து கோட்டில் முடித்திருந்தார். எதை விட்டிருக்கிறார் என்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். மேற்கூரை ஓடுகளை நான் ஒவ்வொன்றாக வரைந்திருந்தேன். அவர் ஒரு ஓடுகூட வரையவில்லை.

மாடலைப் பார்த்து வரையும் லைஃப் டிராயிங் எங்கே நடக்கிறது, எந்த அறை நல்லது, எந்த நடத்துநர் மாடலை மரியாதையாக நடத்துகிறார் என்பதெல்லாம் இந்தக் கூட்டத்தில் கேட்டால்தான் தெரியும். விளம்பரம் பார்த்துப் போவதை விட இது பத்திரம்.

6. அருங்காட்சியகத்தில் பென்சில் மட்டும்

மழை மாதங்களுக்கு இதுதான் புகலிடம். காட்சிக்கூடத்துக்குள் பொதுவாகப் பென்சிலை மட்டும்தான் விடுவார்கள். பேனா, வண்ணம், கரி எதுவும் கூடாது. நுழைவாயிலில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முக்காலியை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கலாம்.

தேசியக் கலைக்கூடம் பெரிது, முதல் நாள் சுற்றிப் பார்ப்பதிலேயே கால் வலிக்கும். மனித உருவம் பழக நான் சொல்வது ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரத்தில், ஆற்றோரம் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகம். அங்கே சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு இது கோயிலில் பார்த்துப் பழகிய உருவம், அதனாலேயே சரியாகப் பார்த்திருக்க மாட்டோம். நின்ற அம்மன் திருமேனி ஒன்றின் முன் போய் நில்லுங்கள். பாரம் ஒரு காலில். அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறியிருக்கும், அதே பக்கத் தோள் கீழே இறங்கியிருக்கும், தலை மறுபடி எதிர்ப்பக்கம் சாயும். திரிபங்கம் என்று சிற்பிகள் சொல்கிற இந்த மூன்று வளைவைத்தான் லைஃப் டிராயிங் அறையில் பாரக்கோடு, இடுப்புக்கோடு, தோள்கோடு என்று சொல்லித் தருவார்கள். வெண்கலம் களைப்படையாது, மணிக்கணக்கில் நிற்கும், கூலியும் கேட்காது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் என்பதால் வேலை முடிந்தும் போகலாம்.

வேலை அனுமதியில் இருந்து கட்டணம் உறுத்தினால் பண்டிகைகளையொட்டி வரும் திறந்த இல்ல நாட்களைக் கவனியுங்கள். கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் பொங்கல், தீபாவளிச் சமயங்களில் அப்படித் திறந்து விடுவதுண்டு. ஆனால் அன்றைக்கு உட்கார்ந்து வரைய இடம் கிடைக்குமென்று நம்பிப் போகாதீர்கள்.

7. இப்போது லைஃப் டிராயிங்

மேலே சொன்னதெல்லாம் நான்கைந்து மாதம் செய்த பிறகு வாருங்கள். இது ஆடையில்லாத, அல்லது ஆடையணிந்த, மாடலைப் பார்த்து வரையும் அமர்வு. ஆசிரியர் இருக்கும் அமர்வு, ஆசிரியர் இல்லாமல் மாடலும் கடிகாரமும் மட்டும் இருக்கும் அமர்வு என்று இரண்டு வகை. இரண்டு மணி நேரத்துக்கு நான் 25லிருந்து 35 வெள்ளி வரை கொடுத்திருக்கிறேன். மாடலின் ஊதியமும் அறை வாடகையும் அதற்குள் அடக்கம், தாளும் கரியும் பெரும்பாலும் நம் பாடு.

பதிவு செய்யும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். மாடல் ஆடையணிந்தவரா? வயது வரம்பு என்ன? ஈசலும் பலகையும் அங்கே இருக்கிறதா? வர முடியாமல் போனால் காசு திரும்புமா? கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் 'இல்லை'தான். வயது வரம்பு சில இடத்தில் 18, சில இடத்தில் 21. படம் போட்ட அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். ஈசல் என்றதும் மழைப்பூச்சி ஞாபகம் வருகிறவர்களுக்கு: இது தாள் மாட்டும் பலகையைத் தாங்கும் முக்காலி. சில அறைகளில் அதற்குப் பதில் குதிரை ஏறுவது போல உட்கார்ந்து, முன்னால் பலகையைச் சாய்த்துக்கொள்ளும் பெஞ்சு இருக்கும்.

கொண்டுபோக வேண்டியது: ஏ2 அளவு நியூஸ்பிரிண்ட் தாள் இருபது, கரிக்குச்சி, பிசைந்து உருட்டும் அழிப்பான், இரண்டு பெரிய கிளிப், ஈரத்துணி. கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த தாள் வேண்டாம். நல்ல தாள் கண்ணெதிரே இருந்தால் கை பயப்படும்.

பதினைந்து நிமிடம் முன்பே போய்ச் சேருங்கள். நான் முதலில் பதிவு செய்த அமர்வுக்கு ஆறு நிமிடம் தாமதமாகப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டக் கூடாது, மாடல் நிலையில் நிற்கிறார். குறுஞ்செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. 28 வெள்ளி போனது போனதுதான். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், ஒருவர் ஆடையில்லாமல் நிற்கும் அறைக் கதவைத் தட்டுகிறவனுக்கெல்லாம் திறக்க முடியுமா?

அந்தத் தாழுக்கும் இழுத்து மூடிய திரைகளுக்கும் சட்டக் காரணமும் உண்டு. இங்கே பொது இடத்தில் நிர்வாணமாக இருப்பது மட்டுமல்ல, சொந்த வீட்டிலேயே வெளியே தெரியும்படி இருந்தாலும் குற்றம். 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே வெக்கையாக இருக்கிறது என்று நீங்களாகப் போய்த் திரையை விலக்காதீர்கள்.

வெக்கையாகத்தான் இருக்கும். முதல் முறை கிளம்பும்போது என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு மணி நேரம் அப்படியே நின்னா ஏசியில குளிராதா அவங்களுக்கு?" சரியான கேள்வி. மாடலுக்குக் குளிரக் கூடாதென்று ஏசியைக் குறைத்து வைப்பார்கள். உடை போட்டிருக்கும் நமக்கு வேர்க்கும். கைக்குட்டை அவசியம். (ஊரில் அம்மாவிடம் மட்டும் 'ஓவிய வகுப்பு' என்று சொல்லியிருக்கிறோம். பொய் இல்லை.)

அறைக்குள் நடப்பது இதுதான். மாடல் அங்கியோடு வந்து மேடையில் ஏறி அங்கியைக் கழற்றுவார். நடத்துபவர் கடிகாரத்தை முடுக்குவார். முதலில் ஒரு நிமிட நிலைகள் பத்து, அப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து, பத்து. இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிட நிலை ஒன்றோ இரண்டோ. கைப்பேசி பைக்குள் போய்விட வேண்டும், மணி பார்க்கக்கூட வெளியே வரக் கூடாது. ஆடையில்லாமல் இருப்பவரைச் சம்மதமில்லாமல் படமெடுப்பது இங்கே தண்டனைச் சட்டப்படி குற்றம். மாடலிடம் நேராக 'கையைக் கொஞ்சம் தூக்குங்கள்' என்று சொல்லக் கூடாது, எதுவானாலும் நடத்துபவர் வழியாக. மாடலின் உடம்பைப் பற்றி, புகழ்ச்சியாகக்கூட, ஒரு வார்த்தை வேண்டாம்.

கூச்சம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு மூன்றாவது ஒரு நிமிட நிலை வரை இருந்தது. அதற்குள் தாளில் தலையைப் பெரிதாகப் போட்டுக் காலுக்கு இடமில்லாமல் போன கவலை வந்துவிட்டது, கூச்சத்துக்கு நேரமில்லை. அன்றைக்கு மேடையில் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், வலது காலில் பாரம் வைத்து நின்றார். கழுத்துக் குழியிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போலக் கண்ணால் ஒரு நூல் விட்டுப் பார்த்தேன். அது நேராக வலது கணுக்காலில் போய் விழுந்தது. என் படத்தில் அது இரண்டு காலுக்கும் நடுவே விழுந்திருந்தது, அதனால்தான் என் ஆள் சாய்ந்து விழப் போகிறவர் மாதிரி இருந்தார். பத்து வருடமாக நான் வரைந்த ராஜாவும் பால்காரரும் ஏன் கட்டைபோல நின்றார்கள் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. பாரத்தை எந்தக் காலிலும் நான் வைத்ததே இல்லை.

ஆகவே ஒவ்வொரு நிலையிலும் முதலில் அந்த நூலைப் போடுங்கள், பிறகு தோள்கோடு, இடுப்புக்கோடு. கண், மூக்கு, விரலெல்லாம் இருபது நிமிட நிலைக்கு. மாதம் இரண்டு அமர்வு போதும். வாராவாரம் போனவர்கள் மூன்றாம் மாதமே சலித்து விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

8. வகுப்பு எடுப்பதென்றால்

நன்யாங் நுண்கலைக் கழகமும் லசால் கலைக் கல்லூரியும் வேலை பார்ப்பவர்களுக்கான குறுகிய காலப் படிப்புகளை நடத்துகின்றன. கட்டணம் நூற்றுக்கணக்கில் வரும். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டை நம்பி நான் ஒரு தனியார் வகுப்பில் சேர்ந்துவிட்டு, அது குடிமக்களுக்கு மட்டும் என்று பிறகு தெரிந்து முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டினேன். சேரும் முன் இரண்டைப் பாருங்கள்: நீங்கள் தகுதியானவரா, அந்தக் குறிப்பிட்ட படிப்பு பட்டியலில் இருக்கிறதா. ஒரு பள்ளியின் ஒரு படிப்பு பட்டியலில் இருப்பதால் இன்னொன்றும் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

சமூக மன்ற வகுப்புகள் மலிவு, வீட்டுக்குப் பக்கம். உறுப்பினர் விலை, மற்றவர் விலை என்று இரண்டு இருக்கும். ஆனால் பெரும்பாலும் வாட்டர்கலர் பூவும் நிலக்காட்சியும்தான். உருவப் பயிற்சிக்கு ஆகாது.

9. யாராவது காசு தருகிறேன் என்றால்

நான்கைந்து மாதம் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் யாராவது கேட்பார்கள்: "தம்பி, பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு படம் போட்டுத் தர்றீங்களா? இருநூறு வெள்ளி தர்றேன்." எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் எதுவானாலும் அது ஒரு முதலாளியிடம் ஒரு வேலை பார்ப்பதற்கான அனுமதி. வார இறுதியில் படம் வரைந்து காசு வாங்குவதும் வேலைதான். டிபென்டன்ட் பாஸில் இருக்கும் துணைவர்களுக்கும் 2021 மே முதல் விதி இறுகிவிட்டது, வேலை பார்க்கத் தனியே வேலை அனுமதி வேண்டும். மாடலாக நிற்பதும் இதே கணக்கு. நான் நிரந்தரவாசி ஆகும்வரை இரண்டு கல்யாணம், ஒரு காதணி விழா என்று மூன்று வேலைகளை வேண்டாமென்றேன். வயிறு எரிந்தது, ஆனால் அனுமதி பறிபோவதற்கு இது பரவாயில்லை.

விற்கத் தகுதி இருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. தெருவில் உட்கார்ந்து முகம் வரைந்து காசு வாங்க வேண்டுமானால் தேசியக் கலைகள் மன்றத்தின் தெருக்கலைத் திட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும். மெர்லயன் சின்னத்தை அஞ்சலட்டையாகப் போட்டு விற்கப் பயணத்துறைக் கழகத்தின் அனுமதி வேண்டும். நோட்டில் வரைந்து வைத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டாம்.

10. வீட்டுக்குக் கொண்டுவருவது

இதை யாரும் சொல்லித் தரவில்லை. முதல் அமர்வில் வரைந்த பதினெட்டுத் தாளையும் சுருட்டி எம்ஆர்டியில் எடுத்து வந்தேன். செங்காங்கில் விரித்தபோது எல்லாம் ஒரே சாம்பல். கரிப்படத்தைச் சுருட்டக் கூடாது, தாளுக்குத் தாள் உரசும். இரண்டு ஏ2 அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துச் சுற்றிலும் கிளிப் போட்டுக் கொண்டுவர வேண்டும். கரி ஒட்டிக்கொள்ளத் தெளிக்கும் ஃபிக்சட்டிவ் டப்பாவும் தீப்பற்றும் வகைதான், அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சன்னலைத் திறந்து வைத்து, தாளிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று லேசாக இரண்டு முறை தெளியுங்கள். தாழ்வாரத்தில் வேண்டாம். எதிர்வீட்டு ஆன்ட்டி ஒருநாள் கொசு மருந்தடிக்கிறார்கள் என்று நினைத்து, காயப்போட்டிருந்த துணியையெல்லாம் அவசரமாக உள்ளே எடுத்துக்கொண்டார். துணியோடு துணியாக, கொடியில் மாட்டியிருந்த என் இருபது நிமிட நிலை ஒன்றும் அவர் வீட்டுக்குள் போய்விட்டது. மாலையில் கதவைத் தட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுத்தார்.